டிராக்டரா, குட்டி யானையா?

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கண்மாய்க்குள் வெட்டிய சீமைக் கருவேல விறகை வெளியே கொண்டுவர என் ஓட்டு டிராக்டருக்குத்தான். ஒரு மழை போதும், கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். குட்டி யானை என்கிற டாடா ஏஸின் சின்னச் சக்கரம் அங்கே சுற்றிச் சுற்றிக் குழி பறிக்குமே தவிர நகராது. டிராக்டரின் பெரிய பின்சக்கரம் வரப்பையே தாண்டிவிடும். முள் மட்டும் இரண்டு வண்டியின் டயரையும் விடாது. தடத்தில் கிடக்கும் கிளைகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பச்சை விறகு நல்ல கனம். குட்டி யானை தாங்குவது சுமார் 750 கிலோ. டிரெய்லரில் அதுபோல மூன்று மடங்கு ஏற்றலாம்.

சரி, தார்ச்சாலைக்கு வந்த பிறகு? காய்ந்த விறகை டீக்கடை, ஹோட்டல் என்று சந்து சந்தாக இறக்க குட்டி யானைதான் வசதி. டீசலும் மிச்சம்.