இலவச வீடியோ கன்வெர்ட்டர் தேடுகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பழைய டிவிடியை எம்பி4 ஆக மாற்ற என்ன வழி என்று இணையத்தில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். அப்படி வந்த ஒரு மென்பொருளுக்கு நான் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய் கட்டினேன். பணமும் போனது, வீடியோவும் கெட்டது. இதே வேலையை ஒரு பைசா செலவில்லாமல் இதைவிட நன்றாகச் செய்யலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த மாதிரி மென்பொருள்கள் பெயரையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டு நிறைய உலவுகின்றன. ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

2005இல் நடந்த அக்கா கல்யாணத்தை ஸ்டுடியோக்காரர் டிவிடிகளாகக் கொடுத்திருந்தார். இப்போது வீட்டில் டிவிடி பிளேயரும் இல்லை, லேப்டாப்பில் டிவிடி போட இடமும் இல்லை. யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை நண்பரிடம் வாங்கி, எல்லாக் கோப்புகளையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். டிவியில் பார்க்கிற மாதிரி பென் டிரைவில் போட்டுக் கொடு என்றார் அம்மா.

பதிவிறக்கப் பக்கத்தில் 'முற்றிலும் இலவசம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நிறுவும்போதே கணினியைச் சுத்தம் செய்யும் இன்னொரு மென்பொருளுக்கும், பிரவுசரின் தேடுதளத்தை மாற்றுவதற்கும் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்துவிட்டு முதல் டிவிடியைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நூறு சதவீதம் முடிந்ததும் ஒரு பெட்டி எட்டிப்பார்த்தது: இலவசப் பதிப்பில் வீடியோவின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சேமிக்கப்படுமாம். அந்த ஒரு பங்கைத் திறந்து பார்த்தால், படத்தின் நட்டநடுவே நிறுவனத்தின் முத்திரை. மாப்பிள்ளை முகமே தெரியவில்லை.

இந்த வரம்பை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அப்போதே மூடிவிட்டுப் போயிருப்பேன். அது அவர்களுக்கும் தெரியும். இவ்வளவு நேரம் காத்திருந்தவர் பணம் கட்டிவிடுவார் என்ற கணக்கில்தான் கடைசியில் சொல்கிறார்கள்.

பணம் கட்டும் பக்கம் இன்னும் மோசம். 70 சதவீதத் தள்ளுபடி, பத்து நிமிடத்தில் முடிகிறது என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் மறுபடி பத்திலிருந்து ஆரம்பிக்கிறது! கூடையில் நான் கேட்காத 'பதிவிறக்கப் பாதுகாப்பு' என்ற ஒன்று ஏற்கெனவே சேர்ந்திருந்தது. வரி கடைசிப் பக்கத்தில்தான் வந்தது. ஆண்டுதோறும் முழு விலையில் தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற வரி, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில் இருந்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இதெல்லாம் தடை செய்யப்பட்டிருக்கிறது. பொய்யான அவசரம், கூடையில் திருட்டுத்தனமாகப் பொருள் சேர்ப்பது, எளிதில் வெளியேற முடியாதபடி சந்தாவில் சிக்கவைக்கும் சந்தாப் பொறி என்று மொத்தம் 13 தந்திரங்களை அதில் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் அதில் பாதியைப் பார்த்துவிட்டேன் போல.

சரி, பணம் கட்டியாயிற்று, வேலையாவது ஒழுங்காக நடந்ததா? நம் ஊர் கல்யாண டிவிடி என்றால் படம் பெரும்பாலும் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம், எம்பெக்2 முறையில் சுருக்கப்பட்டது. ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிகளாக, ஒருவரி விட்டு ஒருவரியாகப் பதிவாகியிருக்கும். பழைய டப்பா டிவியில் இது தெரியாது. எம்பி4 ஆக மாற்றும்போது அந்த இரண்டு பாதிகளையும் சரியாக இணைக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்கள் அசையும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பற்கள் மாதிரி கோடுகள் தெரியும். எனக்குக் கிடைத்த கோப்பில் நாதஸ்வரக்காரரின் விரல்கள் முழுக்க அந்தக் கோடுகள்தான். போதாக்குறைக்கு மென்பொருள் தானாகவே '1080 எச்டி' என்று தேர்ந்துகொண்டு, 4:3 படத்தைப் பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்கியிருந்தது. 25 பிரேமை 30 ஆக்கியதில் ஊர்வலம் திக்கித் திக்கி நகர்ந்தது. விளம்பரத்தில் 'தரம் குறையாது' என்றும் '4கே ஆக உயர்த்தும்' என்றும் இருந்தது. பதிவில் இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் மீட்டெடுக்க முடியாது. ஊகித்து வரைந்து சேர்க்கலாம், அவ்வளவுதான்.

30 நாள் பணம் திரும்பும் உத்தரவாதம் என்று போட்டிருந்ததால் எழுதினேன். மென்பொருள் என்ன செய்தது என்று பதிவாகும் லாக் கோப்பை அனுப்புங்கள், புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள் என்று ஒரே மாதிரி பதில்கள். பிறகு பாதிப் பணம் தருகிறோம், மென்பொருளையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுப் பணம் கேட்டதும் பதில் நின்றுபோனது. ஓடிபி போட்டு நீங்களே செலுத்திய பணம் என்று வங்கியும் கைவிரித்துவிட்டது. அடுத்த ஆண்டுப் பணத்தையாவது நிறுத்த முடிந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகப் பணம் எடுக்குமுன் 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி தகவல் தர வேண்டும், நாம் மறுக்கலாம். நான் அதற்காகக் காத்திருக்காமல் வங்கிச் செயலியில் இருந்த மாண்டேட் பட்டியலுக்கு, அதாவது தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதிகளின் பட்டியலுக்குப் போய் அதை ரத்து செய்தேன். மென்பொருளை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று யாராவது நினைத்தால் தயவுசெய்து அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

எரிச்சலில் அந்த மென்பொருள் நிறுவப்பட்டிருந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தவை எஃப்எஃப்எம்பெக் கோப்புகள். ஃபாப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, பலர் சேர்ந்து வளர்த்துவரும், வீடியோவையும் ஒலியையும் மாற்றும் திறமூல மென்பொருள் அது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உரிம விதிகளைப் பின்பற்றினால் அதை வைத்து வியாபாரம் செய்வதும் தப்பில்லை. ஆனால் வேலை முழுவதையும் அது செய்ய, அதன் மேல் ஒரு முத்திரையும் பூட்டும் போட்டு என்னிடம் விற்றிருக்கிறார்கள். அந்த நல்ல எஞ்சினைக் கெடுக்கிற மாதிரி அமைப்புகளையும் இவர்களே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் நான் செய்தது இதுதான். முதலில் டிவிடியில் படமும் ஒலியும் இருக்கும் விஓபி கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டு டிவியில் செருகிப் பாருங்கள். பல டிவிகளில் அதுவே ஓடும், மாற்றவே வேண்டாம். ஓடவில்லையென்றால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள். இதுவும் திறமூலம், முற்றிலும் இலவசம், முத்திரை கிடையாது. விஓபி கோப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல் அவை இருக்கும் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரை முழுசாகக் கொடுத்தால் இடையில் வெட்டு விழாது. நான் வைத்த அமைப்புகள்: படத்தைச் சுருக்கும் முறைக்கு எச்.264, தரத்துக்கு ஆர்எஃப் 20, சீப்புக் கோடுகளை நீக்க டீகோம்ப் வடிகட்டி, பிரேம் எண்ணிக்கை மூலத்தில் உள்ளபடி. அளவைப் பெரிதாக்க வேண்டாம். கோடுகள் போயின, எல்லோரும் பழையபடி ஒல்லியானார்கள்.

எம்கேவியை எம்பி4 ஆக்குவது இன்னும் எளிது. இவை இரண்டும் படமும் ஒலியும் வைக்கப்படும் கோப்பு வகைகள் மட்டுமே. உள்ளே எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்தால், எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி கட்டளை கொடுத்தால் மறுபடி சுருக்காமல் அப்படியே மாற்றிவைக்கும், தரம் துளியும் குறையாமல் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

ஒன்றும் நிறுவாமல் இணையத்திலேயே மாற்றித் தரும் தளங்களையும் நம்ப வேண்டாம். இலவசமாகக் கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லும் போலித் தளங்கள் வழியாக வைரஸ் பரவுவதாக அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. அதுவும் வீட்டுக் கல்யாண வீடியோவை முகம் தெரியாத ஒருவரின் சர்வரில் ஏற்றுவானேன்?

ஹேண்ட்பிரேக்கை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். முகவரி ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர், டாட் காம் அல்ல. 2017 மே மாதம் அவர்களுடைய பதிவிறக்க சர்வர் ஒன்றிலேயே யாரோ புகுந்து, மேக் பதிப்புக்குப் பதிலாக வைரஸ் கலந்த கோப்பை வைத்துவிட்டார்கள். அதனால் இறக்கிய கோப்பின் செக்சம் எண் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) தளத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே நிறுவுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற பெயரில் எங்காவது பணம் கேட்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.