பதவிச் சின்னம்: உலோகமா, பூத்தையலா?

பழைய ராணுவச் சீருடையை மீட்டமைப்போர் பலர், அதிகாரியின் பதவியைக் காட்டும் சின்னம் உலோகத்தில் இருக்கட்டுமா, பூத்தையலில் (துணியில் நூலால் தைக்கும் எம்பிராய்டரி) இருக்கட்டுமா என்று தயங்குகிறார்கள்.

நீடித்து உழைப்பது: பித்தளை நட்சத்திரம் தலைமுறைகள் தாண்டியும் நிற்கும், பூத்தையல் வெளுத்து, ஓரத்தில் நூல் பிரியும்.

பராமரிப்பு: உலோகத்தைத் துலக்க வேண்டும், துவைக்குமுன் பின்புற ஊசியைக் கழற்ற வேண்டும், பூத்தையலுக்கு அந்த வேலையில்லை.

மறைவு: உலோகத்தின் பெருங்குறை அதன் பளபளப்பே. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் சட்டைக்கை விளிம்பிலிருந்த சின்னத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டதற்கும், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் மங்கலான கறுப்புச் சின்னங்களை ஏற்றதற்கும், அதிகாரிகளைத் தேடிக் குறிபார்க்கும் எதிரியின் கண்ணில் படாதிருக்க வேண்டும் என்ற கவலையே காரணம்.

ஆகவே அணிவகுப்புச் சீருடைக்கு உலோகமும், வியட்நாம் காலத்துக்குப் பிந்தைய களச் சீருடைக்குப் பூத்தையலும் பொருந்தும். காலத்தையும் கட்டாயம் பாருங்கள்: அமெரிக்க ராணுவ அதிகாரிகளில் கடைநிலைப் பதவியான இரண்டாம் லெப்டினன்ட்டின் தங்கநிறப் பட்டை 1917 டிசம்பரில்தான் வந்தது, அதற்கு முந்தைய சீருடையில் அதைக் குத்துவது வரலாற்றுப் பிழை.