ஒரே குழந்தைச் சட்டை, மூன்று நூல்கள்

சென்ற ஆண்டு எங்கள் சொந்தத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன. சென்னையில் அக்கா மகளுக்கு ஒன்று, குன்னூரில் தம்பிக்கு ஒன்று, டொரன்டோவில் நாத்தனார் மகளுக்கு ஒன்று. மூன்று குழந்தைகளுக்கும் முன்பக்கம் பொத்தான் வைத்த ஒரே சட்டையைப் பின்னினேன். பேட்டர்னும் ஒன்று, அளவும் ஒன்று. நூல் மட்டும் வேறு: சென்னைக்குப் பருத்தி, குன்னூருக்கு அக்ரிலிக், டொரன்டோவுக்கு மெரினோ கம்பளி. அனுப்புவதற்கு முன் மூன்றையும் அலசிக் காயவைத்து, கட்டிலில் வரிசையாக விரித்துப் பார்த்தேன். உடன்பிறந்தவை போல இருக்கும் என்று நினைத்த சட்டைகள், அறிமுகமே இல்லாதவர்கள் போலக் கிடந்தன. பருத்திச் சட்டையின் கைகள் நீண்டு தொங்கின. அக்ரிலிக் சட்டை உப்பலாக நின்றது. மெரினோ மட்டும் பேட்டர்னின் படத்தில் பார்த்தபடியே இருந்தது.

சமையலறைத் தராசில் வைத்தால் அக்ரிலிக் 92 கிராம், மெரினோ 104, பருத்தி 121. இதற்குக் காரணம் இழையின் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் அக்ரிலிக் ஏறக்குறைய 1.17 கிராம் எடையுள்ளது, கம்பளி 1.31, பருத்தி 1.54. ஒரே தடிமன், ஒரே நீளம் என்று பார்த்து நூலை மாற்றிக்கொள்ளும்போது இந்த எடையை நாம் மறந்துவிடுகிறோம். குழந்தைச் சட்டையில் 30 கிராம் பெரிய விஷயமில்லை. பெரியவர்களுக்கான ஸ்வெட்டரில் அது 150 கிராமாகி, தோளிலிருந்து கீழே இழுக்கும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் ‘வுல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் கம்பளி ஆட்டின் உடலிலிருந்து வருவது, அக்ரிலிக் பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து வருவது. டூபான்ட் நிறுவனம் ஆர்லான் என்ற பெயரில் 1950இல்தான் அதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. லேபிள் இல்லாத பந்து கையில் இருந்தால், விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டியின் மேல் நெருப்பைக் காட்டிப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை விலக்கியதும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம் எரிவது போல எரிந்து, கனன்றபடி மென்மையான சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிடும். இதைப் பார்த்த நாளிலிருந்து சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை நான் அக்ரிலிக்கில் பின்னுவதில்லை. யாருக்கும் பின்னிக் கொடுப்பதும் இல்லை.

அப்படியானால் குன்னூருக்கு ஏன் அக்ரிலிக்? தம்பி மனைவி வேலைக்குப் போகிறவர். குழந்தையின் துணி தினமும் இயந்திரத்தில்தான் துவைக்கப்படும். அங்கே மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்டால் பருத்தித்துணி இரண்டு நாள் ஆனாலும் ஈரம் விடாது. அக்ரிலிக் தன் எடையில் 2 சதவீத அளவுக்குத்தான் ஈரத்தை உள்ளே வாங்கும். பிழிந்து கொடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். லூதியானா ஆலைகளிலிருந்து வரும் நிறங்களுக்குக் கணக்கில்லை, விலையும் கைக்கு அடக்கம், பூச்சியும் அரிக்காது. முதன்முதலாக ஊசி பிடிப்பவர்களுக்கு நான் கொடுப்பதும் இதைத்தான். பத்து முறை பிரித்துப் பின்னினாலும் மனம் நோகாது.

ஆனால் ஈரம் வாங்காத அதே குணம் சென்னையில் தண்டனை. வியர்வை குழந்தையின் தோலிலேயே நிற்கும். இன்னொன்று, அக்ரிலிக்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கண்ணிகள், அதாவது பின்னலின் வளையங்கள், படுத்துவிடும்; பிறகு அவை எழுந்திருக்காது.

பருத்தியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான் இருப்பது கோயம்புத்தூரில். சுற்றிலும் நூற்பாலைகள் இருக்கும் ஊரில் கைப்பின்னலுக்கான நல்ல பருத்தி நூலைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஆலைகள் நூற்பது தறிக்கும் திருப்பூரின் பனியன் இயந்திரங்களுக்குமான மெல்லிய நூல். 20ஆம் நம்பர் ஒற்றை நூல் 100 கிராமில் சுமார் 3,390 மீட்டர் வரும். குழந்தைச் சட்டைக்கு நாம் பயன்படுத்தும், 4 பிளை என்னும் தடிமனுள்ள நூலோ 100 கிராமுக்கு 400 மீட்டர் அளவில் இருக்கும். அதாவது எட்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்தால் அந்தத் தடிமன் கிடைக்கும். கோனில் சுற்றி வரும் அந்த ஆலை நூலை வாங்கி எட்டாகச் சேர்த்துச் சுற்றி நான் பின்னியிருக்கிறேன். முறுக்கு இல்லாததால் ஊசி முனை இழைகளுக்கு நடுவே புகுந்துவிடும், வேலையிலிருந்து கண்ணை எடுக்கவே முடியாது. ஆனால் துவைத்த பிறகு கிடைக்கும் மென்மை, கடையில் வாங்கும் பந்துகளில் எனக்குக் கிடைத்ததில்லை.

கடைப் பருத்தியில் இரண்டு வகை உண்டு. பளபளப்பானது மெர்சரைஸ் செய்தது. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844இல் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து, அது வலுவாவதையும் சாயத்தை நன்றாகப் பிடிப்பதையும் கண்டார். பிற்பாடு ஹொராஸ் லோ நூலை இழுத்துப் பிடித்தபடி அதையே செய்தபோதுதான் அந்தப் பட்டு மினுமினுப்பு வந்தது. கொக்கியால் பின்னும் குரோஷே லேஸ், மேசை விரிப்பு, பூ வேலை என்றால் இது அருமை. ஒவ்வொரு கண்ணியும் செதுக்கியது போலத் தெரியும். குழந்தையின் தோலுக்கு மட்டும் மங்கலான சாதாரணப் பருத்தியையே நான் எடுப்பேன். அது வியர்வையை நன்றாக உறிஞ்சும்.

பருத்தியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: அதற்கு மீள்தன்மை இல்லை. மணிக்கட்டிலும் இடுப்பிலும் மேடும் பள்ளமுமாக வரும் ரிப் பின்னல் போடுவது இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்குவதற்காக. பருத்தி ரிப் நான்கு முறை துவைத்ததும் களைத்துவிடும். இதற்கு வழி, ஓரங்களை ஓர் அளவு சிறிய ஊசியில் பின்னுவது; அல்லது ரிப்பையே விட்டுவிட்டு, இரு பக்கமும் வரப்பு வரும் கார்ட்டர் பின்னலை ஓரத்துக்கு வைப்பது. சென்னைச் சட்டையில் நான் இரண்டாவதைச் செய்திருக்க வேண்டும். ஒரே பேட்டர்ன் என்ற பிடிவாதத்தில் செய்யவில்லை. சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துப் பின்ன ஆசைப்படுகிறவர்கள் சிவப்பு நூலில் ஒரு முழத்தை ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் இரவு முழுக்கச் சுற்றி வையுங்கள். சாயம் ஒட்டினால் அந்தச் சேர்க்கை வேண்டாம்.

மெரினோவுக்கு வருகிறேன். கம்பளி குத்துமா குத்தாதா என்பது இழையின் விட்டத்தைப் பொறுத்தது. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட இழைகள் வளையாமல் நின்று தோலைக் குத்தும். குழந்தைகளுக்கான மெரினோ 20 மைக்ரானை ஒட்டி இருக்கும், தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கும். இது ஈரத்தைத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ளே வாங்கியும் நனைந்த உணர்வைத் தராது. பின்னும் கைக்கும் சுகம். நூல் சற்று நீண்டு கொடுப்பதால் என் கண்ணிகள் தாமாகவே சீராகிவிடுகின்றன. பருத்தியில் இரண்டு மணி நேரத்தில் வலிக்கும் கட்டைவிரல், மெரினோவில் வலிப்பதில்லை.

துவைப்பவரிடம்தான் அது தோற்கும். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. வெந்நீரும் சோப்பும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகும். ஏழு வயதுப் பையனுக்கு நான் பின்னிய தொப்பி ஒரே சலவையில் பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கி வந்தது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதனால் தூர தேசத்துக்கு அனுப்புவதென்றால் சூப்பர்வாஷ் என்று லேபிளில் எழுதிய மெரினோவையே வாங்குங்கள். செதில்களைக் கரைத்து மெல்லிய பிசின் பூச்சு கொடுத்த நூல் அது, சுருங்காது. ஈரத்தில் நீளும், ஆகவே கொடியில் தொங்கவிடாமல் துண்டின் மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். டொரன்டோ பார்சலில் இதை ஒரு சீட்டில் எழுதி, சட்டையின் பொத்தானில் கட்டி அனுப்பினேன்.

இணையக் கடைகளில் அழகாகத் தெரியும் மற்ற இரண்டைப் பற்றிச் சுருக்கமாக. மூங்கில் நூல் என்பது மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ் என்னும் செயற்கை இழை. குளிர்ச்சியாக வழுக்கிக்கொண்டு விழும், சால்வைக்கு நல்லது, நனைந்தால் வலுவிழக்கும். மில்க் காட்டன் என்பதை வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள். பல நேரம் அது பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்ததுதான். பொம்மைகளுக்கு அது எனக்குப் பிடிக்கும்.

நூலுக்கு ஏற்ற பேட்டர்ன் எது என்பதில்தான் நல்ல நூல்கள் அதிகம் வீணாகின்றன. காஞ்சிபுரம் சேலையில் உடல் நிறையப் புட்டா இருந்து, கரையும் கையகலம் இருந்தால் கண் எங்கே நிற்கும்? பல வண்ணம் கலந்த நூலில் லேஸ் பின்னுவதும் அப்படித்தான். நிறம் ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டை வேலைப்பாடு இன்னொரு பக்கம் இழுக்கும், இரண்டும் தெரியாது. பல வண்ண நூலுக்குச் சாதாரண நேர் பின்னலோ கார்ட்டரோ போதும். நிறமே வேலையைச் செய்துவிடும். கேபிள் என்னும் முறுக்குப் பின்னலுக்கு ஒரே நிறமும், வெளிர் நிறமும், மூன்று இழை முறுக்கிய உருண்டை நூலும் வேண்டும். நிழல் விழுந்தால்தான் முறுக்கு எழுந்து நிற்கும். கறுப்பில் பின்னினால் அத்தனை உழைப்பையும் இருட்டு விழுங்கிவிடும். கைக்குழந்தையின் உடைக்கு லேஸ் கூடவே கூடாது என்பது என் கட்சி. சின்ன விரல் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு ஊசியா, குரோஷே கொக்கியா என்றும் கேட்கிறார்கள். உடலோடு ஒட்டி வளைய வேண்டியதற்கு ஊசி. வடிவம் நிற்க வேண்டிய பை, கூடை, பொம்மை, பூ எல்லாவற்றுக்கும் கொக்கி. குரோஷே துணி தடிமனாக வரும், நூலும் கூடுதலாக இழுக்கும். ஊசிப் பின்னலின் கணக்கை வைத்து நூல் வாங்கினால் பாதியில் தீர்ந்துவிடும். அப்போது மீண்டும் கடைக்குப் போனால் அதே நிறம் வேறு லாட் எண்ணில், அதாவது வேறொரு தடவை சாயம் ஏற்றியதாக, இருக்கும். பந்தில் தெரியாத அந்த வித்தியாசம் சட்டையின் நடுவே கோடாகத் தெரியும். ஒரு பந்து அதிகமாகவே வாங்குங்கள்.

குரோஷே பேட்டர்னில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அது அமெரிக்காவுடையதா, பிரிட்டனுடையதா என்பது. அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்லும் கண்ணியை பிரிட்டனில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். பேட்டர்னில் ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் வந்தால் அது அமெரிக்க வழி என்று கொள்ளலாம். ஊசியிலும் இதே சிக்கல் உண்டு. பழைய பிரிட்டிஷ் எண் 8 என்பது 4 மில்லிமீட்டர். அமெரிக்க எண் 8 என்பது 5 மில்லிமீட்டர். நம் கடைகளில் இன்னும் பிரிட்டிஷ் எண் புழங்குகிறது. எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

மாதிரித் துண்டு பின்னுவதை வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பேட்டர்ன் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி கேட்கிறது, உங்கள் கையில் 20 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கண்ணி கொண்ட ஸ்வெட்டர் 91 சென்டிமீட்டர் சுற்றளவுக்குப் பதிலாக 100 சென்டிமீட்டர் வரும். அந்தத் துண்டையும் துவைத்துக் காயவைத்த பிறகுதான் அளக்க வேண்டும். பருத்தி தன் குணத்தைக் காட்டுவது தண்ணீர் பட்ட பிறகு.

இப்போது ஓர் ஆண்டு ஆகிறது. குன்னூர்ச் சட்டையில் முழங்கைப் பக்கம் சிறு உருண்டைகள் வந்திருக்கின்றன, நிறம் அப்படியே இருக்கிறது. டொரன்டோவில் குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டுவிட்டார்களாம், அடுத்த குழந்தைக்கு என்று எடுத்து வைத்துவிட்டார்கள். சென்னைச் சட்டையின் கைகள் இன்னும் நீண்டிருக்கின்றன. குழந்தையும் வளர்ந்துவிட்டதால் சரியாகப் பொருந்துகிறது, ஒவ்வொரு சலவைக்கும் மென்மை கூடுகிறது என்கிறாள் அக்கா மகள். அடுத்த மாதம் பிறக்கப்போகும் குழந்தை எங்கள் தெருவிலேயே இருக்கும். கோன் நூலை எட்டாகச் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஓரங்களில் ரிப் இல்லை.