கே.எஸ்.0108 கிராபிக் எல்சிடி: காண்ட்ராஸ்ட்டில் இருக்கிறது சூட்சுமம்

எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 128×64 புள்ளி நீலநிற எல்சிடிகளில், கே.எஸ்.0108 கன்ட்ரோலர் (திரையை இயக்கும் சிப்) கொண்ட 20 பின் மாட்யூல் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 5 வோல்ட் சப்ளை ஒன்றே போதும். காண்ட்ராஸ்ட்டுக்குத் தேவையான மைனஸ் வோல்டேஜை மாட்யூலே தயாரித்து 18ஆம் பின்னில் தந்துவிடுகிறது. இருந்தும், வாங்கி வந்து இணைத்தவுடன் பேக்லைட் எரியுமே தவிர, திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. மாட்யூல் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், காண்ட்ராஸ்ட் வோல்டேஜ் போகும் மூன்றாவது பின்னான வி0-வைப் பார்த்துவிடுவது நல்லது.

16×2 எழுத்துத் திரையில் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அதில் காண்ட்ராஸ்ட் பின்னை நேராகக் கிரவுண்டில் கொடுத்தாலே எழுத்து அழுத்தமாகத் தெரியும். இதில் அப்படிச் செய்தால் வி.டி.டி.க்கும் (5 வோல்ட் சப்ளை பின்) வி0-வுக்கும் இடையே 5 வோல்ட்தான் இருக்கும். என்னிடம் உள்ள திரைக்கோ 8 முதல் 9 வோல்ட் வரை வேண்டியிருக்கிறது. அதாவது வி0 கிரவுண்டுக்குக் கீழே ஏறத்தாழ மைனஸ் 3, மைனஸ் 4 வோல்ட்டில் நிற்க வேண்டும். அதற்கு 10 கிலோ ஓம் பிரீசெட் (திருப்பி மாற்றும் சிறு ரெசிஸ்டர்) ஒன்றின் இரு முனைகளை வி.டி.டி.யிலும் 18ஆம் பின்னிலும் இணைத்து, நடுமுனையை வி0-வுக்குக் கொடுக்க வேண்டும். கையில் இருக்கிறதே என்று 1 கிலோ ஓம் பிரீசெட்டைப் போட்டால், அது இழுக்கும் கரண்ட்டில் மைனஸ் வோல்டேஜின் அளவு குறைந்து, போதாமல் போய்விடும்.

பிரீசெட்டைத் திருப்பும் முன் திரையில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரீசெட்டுக்குப் பிறகு கே.எஸ்.0108 டிஸ்ப்ளேயை அணைத்தே வைத்திருப்பதால், திரையின் இரு பாதிகளை இயக்கும் இரண்டு சிப்புகளுக்கும் தனித்தனியே, டிஸ்ப்ளேயை ஆன் செய்யும் 0x3F கட்டளை போய்ச் சேராதவரை எவ்வளவு திருப்பினாலும் எழுத்து வராது. எழுத்து வந்தபின் மெல்லத் திருப்ப வேண்டும். குறைந்தால் முழு நீலம். கூடினால் எரியக் கூடாத புள்ளிகளும் வெளிறி, எழுத்து பின்னணியோடு கலந்துவிடும். 64 வரிகளை மாறி மாறி இயக்கும் திரையில், எரியும் புள்ளிக்கும் எரியாத புள்ளிக்கும் கிடைக்கும் சராசரி வோல்டேஜில் அதிகபட்சம் 13 சதவீத வித்தியாசமே சாத்தியம் என்பதால், சரியான இடம் அத்தனை குறுகலாக இருக்கிறது. 16 வரிகளாக இயங்கும் எழுத்துத் திரையில் இதே வித்தியாசம் 29 சதவீதம் வரை போகும். ஆகவே சாதா பிரீசெட்டை விடப் பல சுற்று ட்ரிம்பாட் இங்கே வசதி. விலை சற்றுக் கூடுதல்தான், கை வலிக்காது.

பார்க்கும் கோணம் மாறினாலும் காண்ட்ராஸ்ட் மாறித் தெரியும் என்பதால், மேசையில் படுக்க வைத்துச் சரிசெய்து பிறகு சுவரில் மாட்டுவது வீண் வேலை. வெப்பமும் அப்படியே. சூடு ஏறும்போது திரவப் படிகத்துக்குத் தேவையான வோல்டேஜ் குறைவதால், ஏசி அறையில் கச்சிதமாக வைத்த திரை மே மாத வெயிலில் வெளிறிப்போகிறது. மாட்யூலில் இதை ஈடுசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை.

என் மனக்குறை இரண்டு. எழுத்துத் திரைகளைப் போலவே இதிலும் பிரீசெட்டைப் பயனரின் தலையில் கட்டியிருக்கிறார்கள், எஸ்.டி.7920 என்ற வேறு கன்ட்ரோலர் கொண்ட மாட்யூல்கள் பலவற்றில் அது பின்பக்கமே இருக்கும். அடுத்து, முதல் இரண்டு பின்களின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. டேட்டாஷீட்டைப் பார்க்காமல் சப்ளை கொடுத்தால் மாட்யூல் காலி.

அறைக்குள் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கருவிக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். வெயிலிலும் குளிரிலும் வைக்கப்போகும் கருவி என்றால், 0x81 கட்டளையால் காண்ட்ராஸ்ட்டை 64 படிகளில் புரோகிராமிலிருந்தே மாற்ற முடிகிற எஸ்.டி.7565 கன்ட்ரோலர் கொண்ட திரையையே தேர்ந்தெடுப்பேன்.