பத்துக்குப் பத்து அடிப் பாத்தியில் ஸ்வீட் கார்ன்: பல பட்டங்கள் போட்டுப் பார்த்த பிறகு

செடி ஆறடிக்கு வளர்ந்து நிற்கும், கதிரும் தடிமனாகத் தெரியும். உரித்தால் பொக்கைவாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. வீட்டில் ஸ்வீட் கார்ன் போட்ட பலருக்கும் முதல் அறுவடை இப்படித்தான் முடிகிறது. விதை சரியில்லை, உரம் போதவில்லை என்று பழி எங்கெங்கோ போகும். உண்மையில் குறை பெரும்பாலும் செடிகளின் எண்ணிக்கையில்தான். கத்தரி, வெண்டை போல ஒற்றையாக நின்று காய்க்கிற பயிர் இல்லை இது.

கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. அந்த இழையில் மகரந்தம் விழுந்தால்தான் அந்த மணி பிடிக்கும். உச்சியிலுள்ள ஆண் பூவிலிருந்து மகரந்தம் காற்றில்தான் வருகிறது. நீளமாக ஒரே வரிசையில் வைத்தால் பாதிக்கு மேல் வரிசைக்கு வெளியே போய்விடும். எனவே சதுரமாக நட வேண்டும். பத்துக்குப் பத்து அடியில் இரண்டடிக்கு ஒரு பார் (நீள மண்மேடு), பாரில் பத்து அங்குலத்துக்கு ஒரு செடி என்று ஐந்து வரிசையில் 60 செடிகள் நிற்கும். இடம் குறைவென்றால் வரிசைக்கு ஐந்து செடி வீதம் நான்கு வரிசையில் 20 செடியாவது வேண்டும். அதற்கும் கீழே போனால் கையால் மகரந்தம் தூவாமல் கதிர் நிறையாது.

விதைப் பொட்டலத்தைப் பிரித்ததும் சுருங்கி, ஒடுங்கிய விதைகளைப் பார்த்துப் பதற வேண்டாம். சுகர் 75 போன்ற அதி இனிப்பு ரகங்களின் விதை அப்படித்தான் இருக்கும். சர்க்கரை மாவாக மாறாததன் அடையாளம் அது. உள்ளே மாவு குறைவு என்பதால் முளைக்கும் தெம்பும் குறைவு. ஆழமாக ஊன்றினால் மேலே வர முடியாது. முக்கால் அங்குலம் போதும். ஊன்றிய அன்று ஒரு தண்ணீர் விட்டு, முளை தெரியும்வரை ஈரம் காயாமல் பார்த்தால் சரி. சேறாக்கினால் விதை அழுகிவிடும். பழைய விதையென்றால் பத்து விதையை ஈரத்துணியில் கட்டி ஐந்து நாள் வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு இரண்டாகப் போட்டு, பிறகு ஒன்றைக் கிள்ளிவிடலாம். கலர் பூசிய விதை மருந்திட்டது, கை கழுவ வேண்டும். சுகர் 75 கலப்பின ரகம்; சொந்தக் கதிரில் விதை எடுத்து வைத்துப் பயனில்லை.

தமிழ்நாட்டில் ஆனி, ஆடியில் ஊன்றி ஐப்பசி அடைமழைக்கு முன் முடிப்பதும், தையில் ஊன்றிப் பங்குனியில் முடிப்பதும் ஒத்துவருகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் பூக்கிற மாதிரி ஊன்றினால் மகரந்தம் சூட்டிலேயே செத்துவிடும். அடைமழையில் பூத்தாலோ மகரந்தம் நனைந்து கட்டியாகிவிடும்.

இந்தப் பயிருக்குப் பசி அதிகம். பத்துக்குப் பத்து பாத்திக்கு 20 கிலோ மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கும் அடியுரம். 25ஆம் நாளும் 45ஆம் நாளும் தலா 80 முதல் 100 கிராம் யூரியா. ரசாயனம் வேண்டாமென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ கடலைப்பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். 25ஆம் நாள் உரத்தோடு செடியடியில் மண் அணைத்துவிட வேண்டும். தவறவிட்டால் கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு காற்றுக்கே செடி சாயும். அடி இலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. இளம் இலையில் நடுநரம்புக்கு இருபுறமும் வெளுத்த பட்டை ஓடினால் துத்தநாகக் குறை. அடியில் முளைக்கும் பக்கக் கிளைகளை ஒடிக்கத் தேவையில்லை, அவற்றால் கதிர் சிறுப்பதில்லை.

பூச்சியில் ஒன்றைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும்: படைப்புழு. 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதன்பின் இது இல்லாத மக்காச்சோளத் தோட்டம் அபூர்வம். முளைத்த பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை குருத்துக்குள் பார்க்க வேண்டும். முதலில் இலையில் காகிதம் போல வெளுத்த திட்டுகள், பிறகு ஓட்டைகள், பிறகு குருத்தில் ஈர மரத்தூள் போல எச்சம். புழுவின் தலையில் தலைகீழாக ஆங்கில ‘ஒய்’ எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளி. 60 செடிக்குக் கையால் பொறுக்கி நசுக்குவதே நல்ல வைத்தியம். கால் மணி நேர வேலை. மணல் ஒன்பது பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடுவதும் கேட்கிறது. 1500 பிபிஎம் அசாடிராக்டின் வேப்பமருந்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாலையில் குருத்துக்குள் இறங்கும்படி அடித்தால் சின்னப் புழு மடியும். எச்சம் அடைத்துக்கொண்ட பிறகு உள்ளே இருக்கும் பெரிய புழுவை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. அதனால்தான் பத்தாம் நாள் என்று அழுத்திச் சொல்வது.

சுமார் 50ஆம் நாளில் ஆண் பூ விரியும். ஓரிரு நாளில் பட்டு வரும். ஆண் பூ விரிந்ததிலிருந்து பத்து நாளுக்குத் தண்ணீர் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. காய்ந்தால் பட்டு தாமதமாகும். அது வெளியே வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். காலை எட்டரைக்கு மேல், பனி உலர்ந்ததும், ஆண் பூவைக் காகிதப் பைக்குள் விட்டுத் தட்டினால் மஞ்சள் தூள் சேரும். அதை உடனே எல்லாப் பட்டின் மேலும் தூவ வேண்டும். பத்தரைக்குள் முடித்துவிட்டு நான்கு நாள் தொடர்ந்து செய்தால் 20 செடிப் பாத்தியிலும் கதிர் நிறைகிறது. அறுவடைக்குப் பிறகு கதிரே கணக்குச் சொல்லும். மணிகள் சிதறிச் சிதறி இருந்தால் மகரந்தம் போதவில்லை. கீழே நிறைந்து நுனி மட்டும் சப்பையென்றால் கடைசிக் கட்டத்தில் தண்ணீரோ தழைச்சத்தோ குறைந்திருக்கிறது. இனிப்பில்லாமல் மாவாக, கெட்டியாக இருந்தால் பக்கத்துத் தீவன மக்காச்சோளத்தின் மகரந்தம் கலந்துவிட்டது. பெரம்பலூர் போல மக்காச்சோளம் மண்டிக் கிடக்கும் பக்கம் இருப்பவர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி மூன்று வாரம் முன்பின்னாக ஊன்ற வேண்டும்.

மணி பால் பிடித்ததும் கிளியும் அணிலும் வந்துவிடும். பட்டு பழுப்பான பிறகு கதிருக்குக் காகித உறை கட்டலாம். அதற்கு முன் கட்டினால் மகரந்தம் சேராது. பிளாஸ்டிக் பை கட்டினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

பட்டு வந்து 18 முதல் 20 நாளில் அறுவடை. மடலைச் சற்று விலக்கி மணியில் நகத்தை அழுத்துங்கள்: தெளிந்த நீர் வந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம், பால் வந்தால் அன்றே ஒடிக்க வேண்டும், பசையாக வந்தால் முற்றிவிட்டது. அதிகாலையில் ஒடித்துக் காலையிலேயே ஆறு நிமிடம் ஆவியில் வேகவைத்த கதிரின் ருசிதான் இந்தப் பயிரைத் திரும்பப் போட வைக்கிறது. கணக்குப் பார்த்தால் கட்டாது. செடிக்கு ஒரு நல்ல கதிர்தான், 60 செடியில் 45 தேறினால் நல்ல மகசூல். இரண்டாவது கதிர் பெரும்பாலும் முழுதாகத் தேறாது; பட்டு வந்த இரண்டாம் நாளே ஒடித்தால் பேபி கார்னாகப் பொரியலுக்கு ஆகும்.

மாடியில் ஐந்தாறு பை மட்டும் வைத்திருப்பவர்கள் ஸ்வீட் கார்னை விட்டுவிட்டு வெண்டை போடலாம். தரையில் நூறு சதுர அடி வெயில் இடம் இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். அறுவடை முடிந்ததும் பச்சைத் தட்டையை மாட்டுக்கு வெட்டிப் போட்டுவிட்டு, மண்ணைக் கொத்தி அதே பாத்தியில் தட்டைப்பயறோ உளுந்தோ ஊன்றிவிடுங்கள். ஸ்வீட் கார்ன் உறிஞ்சிய தழைச்சத்தில் கொஞ்சமாவது மண்ணுக்குத் திரும்பும்.