தொழில்முனைவு படிக்கக் கோடைப் பயணம்: பெர்க்லியா, சிங்கப்பூரா, போர்ச்சுகலா?

ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தொழில்முனைவு கற்றுத்தரும் வெளிநாட்டுப் படிப்புகள் இப்போது ஏராளம். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சுதார்ஜா மையம் நடத்தும் ஒரு வார முகாம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் (என்.யு.எஸ்.) இரண்டு வாரக் கோடைப் படிப்பு, ஐரோப்பிய இன்னொவேஷன் அகாடமி போர்ச்சுகலில் நடத்தும் மூன்று வாரப் பயிற்சி.

பாடத்திட்டத்தை வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை. இப்படிப்பட்ட படிப்புகளில் ஏறக்குறைய ஒரே சரக்குதான். அதில் பெரும்பகுதி சிலிக்கான் வேலித் தொழில்முனைவோர் ஸ்டீவ் பிளாங்க் 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லீன் லாஞ்ச்பேட் வகுப்பிலிருந்து வந்தது. வாரத்துக்குப் பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். கேட்டு வந்ததை வகுப்பில் எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதை ஐ-கோர் என்ற பெயரில் விஞ்ஞானிகளிடம் கொண்டுபோனது. அங்கே ஏழு வாரத்தில் நூறு நேர்காணல். பிளாங்கின் விரிவுரைகள் யுடாசிட்டி என்ற இணையக் கல்வித் தளத்தில் இலவசமாகவே வெளிவந்தன. விரிவுரை கேட்க விமானம் ஏற வேண்டியதில்லை.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த ஊரில் யாரிடம் போய்ப் பேச முடியும், அவர்கள் பின்னாளில் நம்மிடம் எதையாவது வாங்கக்கூடியவர்களா?

இந்தக் கணக்கில் பெர்க்லி பின்தங்குகிறது. சுதார்ஜா மையம் 2005 முதல் இயங்குவது. தொழில்முனைவோருக்கு வேண்டிய மனப்போக்கை விளையாட்டுகள் வழியாகப் பழக்குவது அதன் தனிவழி. முன்பின் தெரியாதவரிடம் பேசவே கூச்சப்படுகிறவர்களுக்கு அது நிச்சயம் உதவும். ஆனால் ஒரு வாரத்தில் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? விசா சிக்கல் வேறு. வாரத்துக்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ வகுப்பு என்றால் சுற்றுலா விசா போதாது, எஃப்-1 என்ற மாணவர் விசா வேண்டும். அதற்கு வெளிநாட்டு மாணவர் பதிவுக்காகக் கட்டும் செவிஸ் கட்டணம் மட்டுமே 350 டாலர். சரி, எஃப்-1 கிடைத்துவிட்டது, அப்படியே ஒரு ஸ்டார்ட்அப்பில் இன்டர்ன்ஷிப்பும் பார்த்துவிடலாமா? முடியாது. முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதியில்லை.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை குறைவு. முப்பது நாளுக்குள் முடியும் படிப்புக்கு ஸ்டூடண்ட் பாஸ் தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு நுழைவு விசா மட்டும் வேண்டும். என்.யு.எஸ். வளாகத்துக்குப் பக்கத்திலேயே, ஆயர் ராஜாவில், பிளாக் 71 இருக்கிறது. இடிக்கப்படவிருந்த பழைய தொழிற்கூட அடுக்கு அது. 2011-ல் ஸ்டார்ட்அப்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளூர்ச் சந்தை சிறியது என்பதால் அங்கே தொழில் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே இந்தோனேசியாவையும் வியட்நாமையும் மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். நம்மைப் போலவே விலையில் கறாரான வாடிக்கையாளர்கள் உள்ள சந்தைகள் அவை. சிறு கடைகளுக்கான மென்பொருள் யோசனை என்றால், மதிய நேரத்தில் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்குப் போய்க் கடைக்காரர்களிடம் தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம். வேறு எந்த ஊர் இந்த வசதியைத் தரும்?

ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர் என்றதும், பழைய பொருள்களை வாங்கி விற்கும் செயலியான கரோசெல்லின் கதை வரும். அதன் நிறுவனர்கள் என்.யு.எஸ். ஓவர்சீஸ் காலேஜஸ் திட்டத்தில் சிலிக்கான் வேலிக்குப் போய் வந்தவர்கள். 2012-ல் கரோசெல்லைத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் போனது மாதக்கணக்கில் ஸ்டார்ட்அப்பில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் திட்டம். அந்தப் பெயரைக் காட்டி இரண்டு வாரப் படிப்பை யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

போர்ச்சுகல் வேறு ரகம். பல நாட்டு மாணவர்களை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்து, மூன்று வாரத்தில் யோசனையை வடிவமாக்கச் சொல்கிறார்கள். முன்பின் அறியாத நால்வருடன் பொறுப்பைப் பங்கிட்டுச் சண்டைபோட்டுச் சமாதானமாவது நல்ல பயிற்சிதான். கூட்டாளியோடு தொழில் தொடங்கப்போகிறவர்களுக்கு மற்ற இரண்டையும்விட இதுவே மேல் என்பேன். குறை, வெளியே போய் எல்லாரிடமும் தயங்காமல் பேசப் போர்ச்சுகீசு தெரிந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாணவர்கள் மாணவர்களையே பேட்டி கண்டுகொண்டிருப்பார்கள். லிஸ்பனில் நடக்கும் பெரிய தொழில்நுட்ப மாநாடான வெப் சம்மிட்டும் நவம்பரில்தான். போர்ச்சுகல் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கக் கோடையில் தேதி கிடைப்பது தனிப் போராட்டம்.

இன்னும் எதையும் விற்றுப் பார்க்காத கல்லூரி மாணவருக்குச் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். அமெரிக்க நிறுவனங்களுக்கு ஏற்கெனவே ஏதாவது விற்றுக்கொண்டிருப்பவர் கலிஃபோர்னியா போகட்டும், ஆனால் படிப்புக்காக வேண்டாம். அந்தப் பணத்தில் வாடிக்கையாளர்களையே பார்த்துவிட்டு வரலாம்.

எங்கே போனாலும், பணம் கட்டுமுன் நாள்வாரி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பேருந்தில் கூட்டிப்போய் அலுவலகம் காட்டுவது எத்தனை அரைநாள், நீங்களே வெளியே போய் ஆட்களைச் சந்திக்க விட்டிருப்பது எத்தனை அரைநாள் என்று எண்ணிப் பாருங்கள்.