செந்தூல் பட்டறையில் பொருத்திய 264 டிகிரி கேம்ஷாஃப்ட்: ஒரு மதிப்பீடு

புரோட்டோன் வீரா 1.5 காருக்கு 'ஹை கேம்' (எஞ்சின் வால்வுகளை வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) கேட்டுப் போனால், 288 டிகிரியை எடுத்து வைக்கும் கடைகள் கோலாலம்பூரில் உண்டு. செந்தூலில் நான் சென்ற சிறிய பட்டறையின் மெக்கானிக், கார் அன்றாடம் எந்தச் சாலையில் ஓடுகிறது என்று விசாரித்த பிறகே 264 போதும் என்றார். அந்த விசாரிப்புக்காகவே இப்பட்டறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வால்வு திறந்திருக்கும் காலத்தைக் கிராங்க்ஷாஃப்ட்டின் சுழற்சியில் அளந்து சொல்வதே இந்த டிகிரிக் கணக்கு. அது கூடும்போது, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்பும் காற்று நுழையும் வால்வு நெடுநேரம் மூடாமல் இருக்கும். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் விரைந்து வரும் காற்று பிஸ்டனை மீறி உள்ளே புகுந்து சிலிண்டரை நிரப்பிவிடும். 1,500 சுழற்சியிலோ அதில் ஒரு பகுதி வந்த வழியே வெளியேறுவதால் அழுத்தம் குறைந்து இழுவை தளர்ந்துவிடும். காற்று நுழையும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரமும் நீள்வதால் ஐட்லிங் (கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) தடுமாறுவதோடு, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடமும் குறையும். மாலை நெரிசலில் ஜாலான் கூச்சிங்கில் ஊர்ந்து செல்லும் காருக்கு 288 ஒத்துவராது.

264இல் ஐட்லிங் ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போது, 4,000 சுழற்சிக்கு மேல் முன்பு சோர்ந்த எஞ்சின் இப்போது விடாமல் இழுக்கிறது. தொடக்கத்தில் கீழ் வேகத்தில் தெரிந்த சிறு தொய்வை, அட்ஜஸ்டபிள் புல்லியில் கேமைச் சற்று முன்னே நகர்த்தி மெக்கானிக் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார். எனினும் இந்த 4ஜி15 எஞ்சினில் இருவகை வால்வுகளையும் இயக்குவது ஒரே கேம்ஷாஃப்ட் என்பதால், புல்லி மொத்தக் கேமையும் நகர்த்துமே தவிர இரண்டுக்கும் இடையிலான கோணத்தை மாற்றாது; அது கேமைக் கடைந்து உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

பிஸ்டன் தலையில் களிமண் வைத்து வால்வுக்கான இடைவெளியை அளந்ததும், உயரமான லிஃப்டுக்கு (வால்வு திறக்கும் உயரம்) ஏற்ப ஸ்பிரிங்குகளை மாற்றியதும் பொறுப்பான வேலை. கூலி சற்று அதிகம்தான், ஆனால் நியாயமானது.

ஒரு குறை உண்டு: கேமின் அளவுத்தாளை அவர்கள் தரவில்லை. வால்வு அசையத் தொடங்கும் புள்ளியிலிருந்து அளந்த 264உம், 1 மில்லிமீட்டர் உயர்ந்த பின் அளந்த 264உம் முற்றிலும் வேறான கேம்கள். பின்னது வால்வை இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கும் மிகக் கடுமையான கேம். ஆகவே முன்பணம் கட்டும் முன்பே அத்தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.